கார்பன் மாற்றியும் தீப்பொறி நிற்கவில்லை: ஆர்மேச்சர் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான்: 850 வாட் ஏஜி4 மிஷின் (4 இன்ச் டிஸ்க் போடும் ஆங்கிள் கிரைண்டர்), கிரில் பட்டறையில் தினமும் ஓடுகிறது, இடையில் வரும் வீட்டு வேலைகளுக்கு டைல்ஸும் அதிலேயே வெட்டுகிறீர்கள். சில மாதங்களுக்குள் மூன்று முறை கார்பன் (சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ்) மாற்றியாயிற்று. இப்போது புதுக் கார்பன் போட்டாலும் பின்பக்கத் துளை வழியாகப் பார்த்தால் தீ வளையம் சுற்றுகிறது, மிஷின் சீக்கிரம் சூடேறுகிறது. கடைக்காரர் ஆர்மேச்சர், அதாவது மோட்டாரில் சுற்றும் காயில் பாகம், போய்விட்டது என்கிறார். கம்பெனி பார்ட் ஒரு விலை, லோக்கல் பார்ட் அதில் பாதிக்கும் கீழே. எதைப் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் எழுத்தில் வேறொரு கவலையும் தெரிகிறது: மூன்று செட் கார்பன் போன வழியில் புது ஆர்மேச்சரும் போய்விடுமோ, போட்ட காசு நிற்குமா என்பது. முதலில் அதற்குத்தான் பதில் வேண்டும். ஒரிஜினலா லோக்கலா என்பதை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

நான் மோட்டார் வைண்டிங் வேலையில் தொடங்கி, பிறகு பல வருடங்களாக பவர் டூல்ஸ் சர்வீஸ் பெஞ்சில் இருப்பவன். மிஷினைக் கையில் வாங்கிப் பார்க்காமல் எந்தப் பார்ட் போனது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. உங்கள் கடைக்காரர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: சரியான அளவு கார்பன், சரியான நிலையில் உள்ள மிஷினில் சில மாதத்துக்குள் மூன்று செட் தேயாது. ஏதோ ஒன்று அதைத் தின்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் ஆர்மேச்சர் மட்டும் மாற்றினால் அதையும் அது தின்னும்.

கிரைண்டரில் இருப்பது யுனிவர்சல் மோட்டார். சுற்றாமல் நிற்கும் ஃபீல்டு காயிலும் சுற்றும் ஆர்மேச்சரும் ஒரே வரிசையில் இணைந்திருக்கும். ஓடும் கரண்ட் முழுவதும் இரண்டு கார்பன் வழியாகத்தான் காமுடேட்டருக்குப் போய்த் திரும்புகிறது. காமுடேட்டர் என்பது ஆர்மேச்சரின் பின்முனையில் மெல்லிய செப்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கி, இடையில் மைக்கா வைத்துப் பிரித்தது. டிஸ்க் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும்போது, கியருக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஆர்மேச்சர் ஏறக்குறைய அதைப்போல் மூன்று மடங்கு சுற்றுகிறது. அந்த வேகத்தில் ஸ்பிரிங் தள்ளும் கார்பன் செம்பை விட்டு ஒரு மயிரிழை எழும்பினாலும் அங்கே ஆர்க், அதாவது தீப்பொறி, அடிக்கும். ஆர்க் அடித்தால் செம்பு பொசுங்கிச் சொரசொரப்பாகும், சொரசொரப்பு கார்பனை அரைக்கும், கார்பன் குட்டையானால் ஸ்பிரிங் அழுத்தம் குறையும், ஆர்க் இன்னும் கூடும். இப்படி ஒன்றை ஒன்று கெடுத்துக்கொண்டே போவதால், கடைசியில் மிஷினைத் திறக்கும்போது எது முதலில் கெட்டது என்று பார்த்தவுடன் தெரியாது.

கார்பன் ஓரத்தில் சின்னதாக நீலப் பொறி தெரிவது இயல்பு. அதற்குப் பயப்பட வேண்டாம். மஞ்சள் கலந்த தீ காமுடேட்டரைச் சுற்றி வளையமாக ஓடுவதுதான் கோளாறு. அது ஆர்மேச்சரின் ஒரு காயில் அறுந்ததாலோ ஷார்ட் ஆனதாலோ வரலாம், கடைக்காரர் சொல்வது அதைத்தான். கார்பன் வீடு (கார்பன் உட்காரும் கூடு) சூட்டில் இளகி ஆட்டம் கண்டிருந்தாலும் வரும். பின்பக்கப் பேரிங் ஆடினாலும் வரும். ஃபீல்டில் ஒரு பக்கம் ஷார்ட் ஆகிக் கரண்ட் கூடினாலும் வரும். இந்த நாலில் எது என்று பெரும்பாலும் பட்டறையிலேயே, ஒரு மல்டிமீட்டரோடு பிரித்தறியலாம்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கார்பன் இரண்டையும் வெளியே எடுங்கள். இரண்டும் சமமாகத் தேய்ந்திருக்கிறதா பாருங்கள். ஒன்று மட்டும் குட்டை என்றால் அந்தப் பக்கத்து வீட்டையும் ஸ்பிரிங்கையும் சந்தேகப்படுங்கள். கார்பன் தன் வீட்டுக்குள் தடையில்லாமல் வழுக்கிப் போக வேண்டும், ஆனால் பக்கவாட்டில் ஆடக் கூடாது. கிடைத்த கார்பனை அரத்தால் தேய்த்துப் பொருத்தும் வழக்கம் நம் ஊரில் உண்டு. அளவு சரியாக வந்தாலும் கடினம் வேறாக இருக்கும்: அதிகக் கடினமான கார்பன் செம்பைத் தேய்க்கும், மெத்தான கார்பன் தானே கரைந்து கறுப்புத் தூளாக உள்ளே படியும். அந்தத் தூள் கரண்டைக் கடத்தும். அன்றைய வேலை முடிய வேண்டும் என்ற அவசரத்துக்குச் செய்யலாம், அதையே வழக்கமாக்கக் கூடாது. நீங்கள் போட்ட மூன்று செட்டில் எத்தனை இப்படித் தேய்த்துப் போட்டவை என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்து காமுடேட்டர். சீரான பழுப்பு நிறம் நல்லது. கறுப்பு எல்லாப் பட்டையிலும் ஒரே மாதிரி இருந்தால் அது மோசமான கார்பன் அல்லது மோசமான அழுத்தத்தின் அடையாளம். நைஸான உப்புத்தாளால் துடைத்து, பட்டைகளுக்கு நடுவிலுள்ள தூளை எடுத்தால் ஆர்மேச்சர் பிழைக்க வாய்ப்பு உண்டு. எமரித்தாள் வேண்டாம், அதன் துகள் செம்பில் பதிந்துகொள்ளும். அடுத்தடுத்த இரண்டு பட்டைகள் மட்டும் குழிவிழப் பொசுங்கியிருந்தால் அங்கே சேரும் காயில் அறுந்திருக்கிறது, அநேகமாக ஆர்மேச்சர் போய்விட்டது. மீட்டரை 200 ஓம்ஸில் வைத்துப் பக்கத்துப் பக்கத்துப் பட்டைகளாக ஒரு சுற்று முழுக்க அளந்து பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சின்ன எண் வர வேண்டும்; ஓரிடத்தில் எகிறினால் அறுந்தது உறுதியாகிறது. பிறகு பட்டைக்கும் இரும்புத் தகட்டு அடுக்குக்கும், பட்டைக்கும் ஷாஃப்டுக்கும் தனித்தனியாகப் பாருங்கள், எதிலும் தொடர்பு காட்டக் கூடாது. ஷாஃப்டில் மட்டும் வைத்துப் பார்த்துவிட்டு நல்லது என்று சொல்பவர்கள் உண்டு. டபுள் இன்சுலேஷன் மிஷின்களில், நேம் பிளேட்டில் சதுரத்துக்குள் சதுரம் போட்டிருக்குமே அவற்றில், ஷாஃப்டுக்கும் தகட்டு அடுக்குக்கும் நடுவே பிளாஸ்டிக் உறை இருக்கும். காயிலின் கரண்ட் தகட்டில் இறங்கியிருந்தாலும் ஷாஃப்டில் காட்டாது. அதனால் இரண்டு இடத்திலும் பார்க்க வேண்டும்.

இந்த மீட்டர் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. ஒரு காயிலுக்குள் இரண்டு மூன்று சுற்று மட்டும் ஒட்டியிருந்தால் சாதாரண மீட்டர் அதைக் காட்டாது. அதற்கு வைண்டிங் கடையில் இருக்கும் குரௌலர் வேண்டும். ஆர்மேச்சரை அதன்மேல் வைத்து, ஹேக்ஸா பிளேடைத் தகட்டின்மேல் பிடித்துக்கொண்டு உருட்டினால், ஷார்ட் உள்ள பள்ளத்துக்கு மேலே வரும்போது பிளேடு அதிர்ந்து உறுமும். சில நிமிட வேலைதான். ஆர்மேச்சருக்குப் பணம் கட்டுவதற்கு முன் பழையதைக் குரௌலரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் தயங்க மாட்டார்.

ஃபீல்டு காயிலின் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக அளந்தால் சமமாக வர வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் இருந்தாலோ, ஒரு பக்க வார்னிஷ் மட்டும் கருகி வாடை அடித்தாலோ, புது ஆர்மேச்சரை அதற்குள் போடாதீர்கள். அப்படிப் போட்டு எரிந்துபோன புது ஆர்மேச்சர்கள் சர்வீஸுக்குத் திரும்பி வருவதை அடிக்கடி பார்க்கிறேன்.

உங்கள் விஷயத்தில் நான் அதிகம் சந்தேகப்படுவது பேரிங்கைத்தான். காரணம் டைல்ஸ். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் டைல்ஸ் பிளேடு 110 மி.மீ. விட்டம், நடுத்துளை 20 மி.மீ.; அது மார்பிள் கட்டருக்கானது. உங்கள் ஏஜி4 மிஷினின் ஃபிளேஞ்ச் (பிளேடு உட்காரும் வட்டத் தட்டு) 16 மி.மீ. துளைக்கானது. நடுவில் வளையம் போடாமல் அப்படியே வைத்து இறுக்கினால் பிளேடு மையத்திலிருந்து 2 மி.மீ. வரை விலகி உட்காரும். வெட்டுவது கொஞ்சம் உதறுவது போல இருக்கும், அவ்வளவுதான் கைக்குத் தெரியும். ஆனால் அந்த உதறல் ஸ்பிண்டில் (டிஸ்க் மாட்டும் தண்டு), கியர் வழியாக ஆர்மேச்சருக்குப் போய்ப் பின்பக்கச் சின்னப் பேரிங்கை அடித்துக்கொண்டே இருக்கும். பேரிங் ஆடினால் காமுடேட்டர் ஆடும், கார்பன் துள்ளும், ஆர்க் அடிக்கும். அதோடு டைல்ஸ் தூளையும் சேருங்கள். மிஷின் பின்னாலிருந்து காற்றை உறிஞ்சி மோட்டார் வழியாக முன்னால் தள்ளுகிறது. இரும்பு வெட்டும்போது பொறியின் திசையைப் பார்த்துத் திருப்பிப் பிடித்துக்கொள்கிறோம். டைல்ஸ் தூள் புகையாகச் சூழ்ந்து நிற்பதால் மிஷின் அதைத்தான் மூச்சாக இழுக்கிறது. பீங்கானும் மணலும் கலந்த அந்தத் தூள் காமுடேட்டருக்கும் கார்பனுக்கும் நடுவே உப்புத்தாள் போலவே வேலை செய்யும். பிளேடு துளையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, அதனால் இதை ஊகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று செட் கார்பன் கணக்கோடு பொருந்திப் போகும் ஊகம் இது.

சரிபார்ப்பது சுலபம். ஆர்மேச்சரை வெளியே எடுத்து பேரிங்கை விரலால் மெதுவாகச் சுற்றுங்கள். கரகரப்பு இருந்தால், பக்கவாட்டு ஆட்டம் இருந்தால், போய்விட்டது. ஆர்மேச்சர் தகட்டின் மேலும் ஃபீல்டின் உட்புறமும் பளபளவென்று உரசிய கோடு இருந்தால் பேரிங்தான் முதலில் போனது. பேரிங் உட்காரும் பிளாஸ்டிக் குழியையும் பாருங்கள். பேரிங்கின் வெளிவளையம் அந்தக் குழிக்குள் சுற்றிச் சுற்றி அதைப் பெரிதாக்கியிருந்தால், புதுப் பேரிங் போட்டும் பயனில்லை. பாடியையே மாற்ற வேண்டும்.

இனி ஒரிஜினலா லோக்கலா என்பதற்கு வருகிறேன். எல்லாப் பார்ட்டுக்கும் ஒரே பதில் கிடையாது. பேரிங்கைக் கம்பெனி டப்பாவில்தான் வாங்க வேண்டும் என்றில்லை. பேரிங் கடையில் நல்ல பிராண்டு பேரிங் கேட்டு வாங்கினால் போதும். பழையதில் எண் பொறித்திருக்கும், எண்ணின் பின்னால் வரும் சீல் குறியையும் சேர்த்துக் கேளுங்கள். தூசி வேலைக்கு இரும்பு மூடியைவிட ரப்பர் சீல் நல்லதுதான், ஆனால் கம்பெனி எதைப் போட்டதோ அதையே போடுவது பாதுகாப்பு. ஏனென்றால் ரப்பர் சீல் உரசும், இந்த வேகத்தில் சூடேறும். ஒரு எச்சரிக்கை: 608 பேரிங்கும் 627 பேரிங்கும் வெளிவிட்டம் 22, அகலம் 7 மி.மீ. என்று ஒரே அளவு. உள்துளை மட்டும் ஒன்றில் 8, மற்றதில் 7. பார்வையில் தப்பிவிடும். ஸ்விட்ச், கேபிள் இரண்டும் அதே ஆம்பியருக்கு லோக்கலில் தரமாகக் கிடைக்கின்றன. கார்பனில் விலை வித்தியாசம் சின்னது, அதனால் ஒரிஜினலே வாங்கிவிடுங்கள், எப்போதும் ஜோடியாக.

ஆர்மேச்சர், ஃபீல்டு, கியர் ஜோடி, கார்டு (டிஸ்கை மறைக்கும் பாதுகாப்பு மூடி), ஃபிளேஞ்ச் நட்டு ஆகியவற்றில் நான் லோக்கல் போடச் சொல்வதில்லை. ஆர்மேச்சர் அந்த வேகத்தில் சுற்றும்போது பேலன்ஸ் பிசகினால் பேரிங்கையும் கார்பனையும் மறுபடி அதே வழியில் கொண்டுபோகும். நல்ல லோக்கல் ஆர்மேச்சரே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரே டப்பாவில் வருபவற்றிலேயே ஒன்று வருடக்கணக்கில் ஓடுகிறது, இன்னொன்று ஒரே வாரத்தில் திரும்பி வருகிறது. வாங்கும்போது எது எது என்று கண்ணால் சொல்ல வழியில்லை என்பதுதான் பிரச்சினை. கடையில் பழைய ஆர்மேச்சரைப் பக்கத்தில் வைத்து, மொத்த நீளம், தகட்டு அடுக்கின் விட்டம், பினியன் (ஆர்மேச்சர் முனையிலுள்ள சின்னக் கியர்) பல் எண்ணிக்கை, பல்லின் சாய்வு, காமுடேட்டர் பட்டை எண்ணிக்கை எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள். கையில் தூக்கிப் பார்க்கும்போது கனம் தெளிவாகக் குறைவாக இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ஒரிஜினல் கேட்கும்போது மாடல் பெயர் மட்டும் சொன்னால் போதாது. போஷ் மிஷின் என்றால் நேம் பிளேட்டில் உள்ள பத்து இலக்க எண்ணைக் கொடுக்க வேண்டும். ஒரே மாடல் பெயரில் காலப்போக்கில் உள்பாகங்கள் மாறியிருக்கும். மற்ற கம்பெனிகளிலும் நேம் பிளேட்டைப் படம் எடுத்துக்கொண்டு போவதே நல்லது. சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு லிங்கிச் செட்டித் தெரு வட்டாரத்தில் பேரிங்கும் டூல்ஸ் பார்ட்ஸும் ஒரே நடையில் கிடைக்கும். ஆனால் அங்கேயும் டப்பாவை நம்பாதீர்கள், உள்ளே இருப்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பழைய ஆர்மேச்சரையே ரீவைண்டிங் செய்யலாமா என்று இதைப் படிக்கும் வேறு சிலரும் நினைப்பார்கள். ஏஜி7 (7 இன்ச் கிரைண்டர்), டெமாலிஷன் ஹேமர், 14 இன்ச் கட்டிங் மிஷின் போன்ற பெரியவற்றுக்கு, கை நல்ல வைண்டர் கிடைத்தால் அது நியாயமான வழி. நான் கட்டிய காயில்களே பெரிய மிஷின்களில் நன்றாக ஓடுகின்றன. ஏஜி4 ஆர்மேச்சருக்கு வேண்டாம். கம்பி மயிர் போல இருக்கும், வார்னிஷ் முழுதாக ஊறி இறுக வேண்டும், கட்டி முடித்ததும் பேலன்ஸ் பார்க்க வேண்டும். இத்தனையும் ஒழுங்காகச் செய்தால் கூலி புது ஆர்மேச்சர் விலையைத் தொட்டுவிடும்.

வாங்கிய பார்ட்டை எப்படிப் போடுகிறோம் என்பதிலும் பாதி ஆயுள் இருக்கிறது. பேரிங்கைப் புல்லர் வைத்துக் கழற்றுங்கள். புதியதை ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் உட்காரும் அளவுக்கு ஒரு பைப் துண்டை வைத்துத் தள்ளுங்கள். வெளிவளையத்தில் சுத்தியல் பட்டால் உள்ளே குண்டுகள் தடத்தில் பள்ளம் விழும், அந்தப் பேரிங் முதல் நாளே சத்தம் போடும். பினியன் தேய்ந்திருந்தால் பெரிய கியரையும் சேர்த்து மாற்ற வேண்டும். புதுப் பல்லும் பழைய பல்லும் ஒன்றையொன்று தின்றுவிடும். கியர் பெட்டியில் பழைய கிரீஸை முழுதாகத் துடைத்துவிட்டுப் பாதி அளவுக்குள் புதுக் கிரீஸ் வையுங்கள். நிறைய வைத்தால் சூட்டில் உருகி மோட்டார் பக்கம் ஒழுகும், தூளோடு சேர்ந்து கார்பன் வீட்டை அடைக்கும். பிளாஸ்டிக் பாடியில் ஸ்க்ரூ போடும்போது முதலில் இடப்பக்கமாகத் திருப்புங்கள். பழைய மரையில் 'டக்' என்று இறங்குவது கையில் தெரியும், அதற்குப் பிறகு இறுக்குங்கள். அப்படிச் செய்யாமல் நேராக இறுக்கினால் புது மரை வெட்டிக்கொண்டு, இரண்டு மூன்று சர்வீஸில் பாடி ஸ்க்ரூவைப் பிடிக்காமல் போய்விடும்.

புதுக் கார்பனும் ஆர்மேச்சரும் போட்ட உடனே வெட்டப் போகாதீர்கள். டிஸ்க் இல்லாமல் ஐந்து பத்து நிமிடம் சும்மா ஓட விடுங்கள். கார்பனின் தட்டையான முனை காமுடேட்டரின் வளைவுக்கு ஏற்பத் தேய்ந்து முழுதாக உட்கார அந்த நேரம் வேண்டும். ஆரம்பத்தில் பொறி கொஞ்சம் அதிகம் தெரிந்து மெல்ல அடங்கினால் சரி. அடங்காவிட்டால் நிறுத்திவிட்டு மறுபடி திறந்து பாருங்கள். பிறகு தினமும், கனமான வெட்டு முடிந்ததும் சட்டென்று ஸ்விட்சை அணைக்காமல் அரை நிமிடமாவது வெறுமனே ஓடவிடுங்கள். ஃபேன் ஆர்மேச்சரோடு சேர்ந்தது, மிஷின் நின்றால் காற்றும் நின்றுவிடும், உள்ளே தேங்கிய சூடு வார்னிஷைத்தான் பதம் பார்க்கும். சாயங்காலம் கம்பிரஸர் இருந்தால், கண்ணாடி போட்டுக்கொண்டு, மிஷினை ஓடவிட்டபடி பின்துளை வழியாகக் காற்றடித்துத் தூளை வெளியேற்றுங்கள். வேகம் குறையும் அளவுக்கு அழுத்தி வெட்டும் பழக்கம் யாருக்காவது இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். வேகம் குறையக் குறையக் கரண்ட் ஏறும், காற்று குறையும். பட்டறையில் ஏஜி7 போன்ற 2,000 வாட் மிஷினும் இருந்தால் எக்ஸ்டென்ஷன் ஒயரையும் கவனியுங்கள். 9 ஆம்பியர் வரை இழுக்கும் அதை 0.75 சதுர மி.மீ. ஒயரில் 30 மீட்டர் தள்ளி ஓட்டினால் 12, 13 வோல்ட் வழியிலேயே போய்விடும்.

டைல்ஸ் வேலையைத் தனியாகப் பிரித்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மிஷினுக்காக மட்டும் சொல்லவில்லை. 110 மி.மீ. பிளேடு 100 மி.மீ. கார்டுக்குள் அடங்காது, அதனால் கார்டைக் கழற்றியிருப்பீர்கள். அதே மிஷினில் பிறகு இரும்பு வெட்டும்போதும் கார்டு மாட்டாமலே ஓடும். கட்டிங் வீலில் அச்சடித்திருக்கும் வேகத்தைப் பாருங்கள்: 100 மி.மீ. வீலுக்கு 15,000-க்கு மேல், 180 மி.மீ. வீலுக்கு ஏறக்குறைய 8,500. உங்கள் மிஷின் 11,000. கார்டு இல்லாத ஏஜி4 மிஷினில் யாராவது பெரிய வீலை மாட்டினால் அது உடைந்து முகத்துக்கு வரும். கார்டு இருந்தால் அதை மாட்டவே முடியாது. கட்டிங் வீலின் நடு உலோக வளையத்தில் காலாவதி மாதமும் வருடமும் இருக்கும். பிசின் பழசானால் வீல் பலமிழக்கும், அதையும் பாருங்கள். டைல்ஸுக்கு மார்பிள் கட்டர் ஒன்று வாங்குங்கள். தண்ணீர் விடும் குழாய் உள்ள மாடல்களும் உண்டு, தூள் பெருமளவு அடங்கும். உலர வெட்டுவதானால் நல்ல மாஸ்க் இல்லாமல் வெட்டாதீர்கள், அந்தத் தூளில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலில் படிந்தால் திரும்ப வராது.

புது மிஷினா ரிப்பேரா என்பதற்கு என் கணக்கு இது. ஆர்மேச்சர், பேரிங், கார்பன் மட்டும் என்றால் ஒரிஜினல் போட்டு ஓட்டுங்கள், நிற்கும். அதோடு ஃபீல்டும் சேர்ந்தாலோ, பின்பக்கப் பிளாஸ்டிக் குழி தேய்ந்திருந்தாலோ, மொத்தச் செலவு புது மிஷின் விலையில் பாதியைத் தாண்டிவிடும். அப்போது புதியதை வாங்குங்கள். பழையதன் கியர் பெட்டி, ஸ்விட்ச், கேபிள் ஆகியவற்றை எடுத்து வையுங்கள், அதே மாடலையே வாங்கினால் பின்னால் உதவும். வாரன்டி காலத்தில் வெளியில் திறக்காதீர்கள்.

முடிந்தால் காமுடேட்டரை முழுச் சுற்றும் தெரியும்படி இரண்டு மூன்று படம் எடுத்துப் போடுங்கள். ஃபீல்டின் இரண்டு பக்க ஓம்ஸ் அளவு, நீங்கள் போட்ட டைல்ஸ் பிளேடின் துளை அளவு, தகட்டில் உரசல் கோடு இருக்கிறதா என்பதையும் எழுதுங்கள். இவை தெரிந்தால் ஆர்மேச்சரோடு வேறு எதை வாங்க வேண்டும் என்பதை இன்னும் உறுதியாகச் சொல்கிறேன். அதுவரை மிஷினை ஓட்டாமல் வைத்திருங்கள். தீ வளையத்தோடு ஓட்டும் ஒவ்வொரு நிமிடமும் நன்றாக இருக்கும் ஃபீல்டையும் சேர்த்துச் சூடாக்குகிறது.